முதலில் கழிவுத் தொட்டி, பிறகு மண்டபம்: மலேசியாவில் எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பற்றி ஒரு திறந்த மடல்

மாவட்டக் கல்வி அதிகாரி, பள்ளி மேலாளர் வாரியத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினர், வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர் ஆகியோருக்கு,

போன கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறீர்கள். கைக்கு வந்த மானியத்தையும் ஊரில் திரட்டிய நன்கொடையையும் பல்நோக்கு மண்டபத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் செலவிடுவது. வகுப்பறைப் பற்றாக்குறைக்குத் திடலில் மூன்று கேபின்களை இறக்குவது. தோட்டத்துக்குள் இருக்கும் சின்னப் பள்ளியை, கடைசிப் பிள்ளை போனதும் அப்படியே முடக்கிவிடுவது. மூன்றில் ஒன்றைக்கூட எங்களால் வாய் மூடி ஏற்க முடியவில்லை. கூட்டக் குறிப்பில் ‘ஏகமனதாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறோம்.

கீழே வரும் கணக்குகளை மின்வேலை, குழாய்வேலை, நிலப்பத்திரம், பள்ளி நிர்வாகம் என்று ஆளுக்கொரு துறை தெரிந்தவர்கள் சேர்ந்து போட்டோம். தவறு இருந்தால் திருத்துங்கள். கணக்கே போடாமல் மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

வகுப்புகளை எண்ணுவதிலிருந்து தொடங்குவோம். நகரத்தில் இருக்கும் பெரிய பள்ளியில் இப்போது ஆறாம், ஐந்தாம், நான்காம் ஆண்டுகளில் தலா ஒரு வகுப்பு. மூன்றாம், இரண்டாம் ஆண்டுகளில் தலா இரண்டு. முதலாம் ஆண்டில் மூன்று. மொத்தம் 10. வகுப்பறை என்று கட்டப்பட்டவை எட்டுதான். மீதி இரண்டு எங்கிருந்து வந்தன? நூல் நிலையமும் கணினி அறையும் வகுப்பறையாகிவிட்டன. புத்தக அலமாரிகள் நடைபாதையில் நிற்கின்றன. கணினிகள் துணி போர்த்தி ஆசிரியர் அறை மூலையில் கிடக்கின்றன.

அடுத்த ஆண்டு ஆறாம் ஆண்டிலிருந்து ஒரு வகுப்பு வெளியேறும், முதலாம் ஆண்டில் மூன்று நுழையும். அப்போது 12. அதற்கடுத்த ஆண்டு 14. பிறகு 16, 17, 18. முதலாம் ஆண்டுச் சேர்க்கை இன்றைக்குள்ள மூன்று வகுப்பைத் தாண்டாமல் அப்படியே நின்றாலும் ஐந்தாண்டில் 18 வகுப்பு வந்தே தீரும். புதிய தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றுகூட வேண்டாம். ஏற்கெனவே உள்ளே வந்த பிள்ளைகள் மேலே ஏறினாலே போதும். உங்கள் மூன்று கேபின்களைச் சேர்த்தால் 13 அறை. அது ஒரே ஓர் ஆண்டைத் தாங்கும். மறு ஆண்டு மறுபடியும் ஓர் அறை குறையும். நூல் நிலையமும் திரும்பி வந்திருக்காது.

மாவட்ட அலுவலகம் இதைக் காணத் தவறுவதற்குக் காரணம் உண்டு. அங்கே பார்ப்பது பள்ளியின் மொத்த எண்ணிக்கையை. மொத்தம் மெதுவாகத்தான் கூடுகிறது. அடிப்படியில் மூன்று, மேல்படியில் ஒன்று என்று கணக்கு சாய்ந்து நிற்பது மொத்தத்தில் தெரியாது. ஆசிரியர் பணியிடங்களும் பதிவேட்டில் ஏறிய எண்ணிக்கையைப் பின்தொடர்ந்தே வருகின்றன. வளரும் பள்ளிக்கு ஆள் எப்போதும் ஒரு படி தாமதமாக வருவது அதனால்தான். அந்த இடைவெளியைத் தற்காலிக ஆசிரியரை வைத்தும், தமிழ் ஆசிரியரிடம் உடற்கல்வியைத் தள்ளியும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளை முன்கூட்டியே எண்ணுவது பெரிய வித்தை இல்லை. ஏழு வயதில் முதலாம் ஆண்டு. அப்படியென்றால் வரும் ஆறு ஆண்டுகளில் நுழையப்போகும் பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். கெமாஸ் (சமூக மேம்பாட்டு இலாகா), ஒற்றுமைத்துறை, தனியார், பள்ளியோடு இணைந்த பாலர் வகுப்பு என்று நான்கு இடங்களில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அதற்கும் சின்னவர்கள் எத்தனை பேர் என்று தாய்சேய் கிளினிக் சொல்லும். எத்தனை வீடுகளுக்கு சி.சி.சி. (கட்டி முடித்துக் குடியேறத் தகுதிச் சான்றிதழ்) கொடுத்தார்கள், எத்தனை வீடு இன்னும் கட்டுமானத்தில் என்பது மாவட்ட மன்றத்துக்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுத இரண்டு பேருக்கு ஒரு வாரம் போதும். இணையப் பதிவை மட்டும் நம்பினால் குறைத்து எண்ணுவீர்கள். வீடு மாறி வருகிறவர்களும், பிறப்புப் பத்திரச் சிக்கலில் இழுபடுகிறவர்களும் முதல் நாள் காலையில்தான் அலுவலக வாசலில் நிற்பார்கள்.

இனி மின்சாரம். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம், ஏனென்றால் மண்டபத்தின் வரைபடத்தில் மேடை விளக்குகள் எத்தனை என்று இருக்கிறது, அந்த மின்சாரம் எங்கிருந்து வரும் என்று இல்லை.

பெரிய பள்ளிக்கு வருவது ஒற்றைப் பேஸ் இணைப்பு. தோட்டப் பள்ளியாக இருந்த காலத்தில் போட்டது. அந்த வகை இணைப்பில் மின்விநியோக நிறுவனமான தெனாகா கொடுக்கும் உச்ச அளவு ஏறத்தாழ 12 கிலோவாட். இப்போதைய சுமையைக் கூட்டிப் பாருங்கள். பத்து அறை, அறைக்கு நான்கு மின்விசிறி, ஒன்றுக்கு 75 வாட்: 3 கிலோவாட். அறைக்கு ஆறு குழல் விளக்கு, ஒன்றுக்கு 40 வாட்: 2.4. அலுவலகத்திலும் ஆசிரியர் அறையிலும் இரண்டு குதிரைசக்தி ஏர்கான் தலா ஒன்று: சேர்த்து 3.6. நகல் இயந்திரம் 1.5. சிற்றுண்டிச்சாலையில் குளிர்பெட்டியும் தண்ணீர் கொதிகலனும் 2.5. நீர் பம்ப் 0.75. இதுவே பதின்மூன்றே முக்கால். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பீர்கள். காலை பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஓடத்தான் செய்கிறது, மெயின் ஸ்விட்ச் விழுவதும் அந்த நேரத்தில்தான். மூலையில் கிடக்கும் 20 கணினிகளைத் திரும்பப் பொருத்தினால் இன்னும் 3 கூடும். கேபின் என்பது தகரப் பெட்டி. ஏர்கான் இல்லாமல் அதில் பகல் பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகள் உட்கார முடியாது. மூன்று கேபினுக்கு 5.4. ஆக 22 கிலோவாட்டைத் தாண்டுகிறது. மண்டபத்தை இன்னும் சேர்க்கவில்லை.

சுமை மிஞ்சும்போது என்ன நடக்கிறது என்பதை மின்பலகைக் கதவைத் திறந்தால் பார்க்கலாம். பீங்கான் ஃப்யூஸில் அளவான கம்பிக்குப் பதில் தடிமனான செம்புக் கம்பி. அது உருகாது, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் போகும் வயர் சூடேறும். பழைய கட்டடத்தில் அந்த வயர் மரச்சட்டத்துக்குள் ஓடுகிறது, மரச்சட்டத்தைக் கரையான் தின்றிருக்கிறது. மழை நாளில் அடிக்கடி விழுந்த, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியை யாரோ ஒருவர் நேர் இணைப்புப் போட்டு ஓரங்கட்டியிருக்கிறார். கைபட இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத பாதுகாப்பு இருக்க வேண்டும், ஈரத் தரைக்கு 10 என்று மின்சார ஒழுங்குமுறை சொல்கிறது. பிள்ளைகள் ஈரக் காலோடு நடமாடும் சிற்றுண்டிச்சாலையில் இப்போது எதுவுமே இல்லை.

செய்ய வேண்டியது இது. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற குத்தகையாளர் மூலம் மூன்று பேஸ் இணைப்புக்குத் தெனாகாவிடம் விண்ணப்பம். புதிய பிரதான பலகை, கட்டடத்துக்கு ஒரு கிளைப் பலகை. சுமையைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று பேஸிலும் சமமாகப் பிரிப்பது. எல்லா ஏர்கானையும் ஒரே பேஸில் மாட்டினால் பழைய கதைதான். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வட்டத்துக்கும் 500 வோல்ட்டில் காப்புச் சோதனை. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற வயரை ஒட்டுப்போடாமல் மாற்றுவது. கடைசியில் போரம் ஜி (மேற்பார்வை, நிறைவுச் சான்று), போரம் எச் (சோதனைச் சான்று) இரண்டிலும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைப்பது. ‘வேலை முடிந்தது’ என்று வாட்சாப்பில் வரும் படத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கழிப்பறை. மாணவிகளுக்கு நான்கு அறை. ஓய்வு நேரம் 20 நிமிடம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், நான்கு அறையில் 40 பேர் போய்வரலாம். பள்ளியில் 350 பேர், அதில் பாதி பெண்பிள்ளைகள் என்றால் 175. மற்ற 135 பேர் அடக்கிக்கொள்கிறார்கள், அல்லது காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று என்று கிளினிக்கில் எழுதித்தருவதற்குப் பின்னால் இருப்பது இந்த வகுத்தல் கணக்கு. ஓய்வு நேரத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றும் இரண்டும் ஒரு முறை, மூன்று முதல் ஆறு வரை ஒரு முறை என்று ஐந்தைந்து வகுப்பாக விட்டால் வரிசை பாதியாகும். இதற்கு ஒரு காசும் வேண்டாம். அட்டவணையில் இரண்டு கோடு மாற்றினால் போதும். ஏன் இன்னும் செய்யவில்லை என்று புரியவில்லை.

அறைகளைக் கூட்டினால் மட்டும் சரியாகுமா என்றால், ஆகாது. கீழே இருக்கும் தொட்டி 80 பிள்ளைகள் இருந்த காலத்தது. கழிவுநீர்க் கணக்கில் வீட்டில் முழுநேரம் வாழும் ஆளை ஒன்று என்றும், பகலில் மட்டும் வந்துபோகும் பள்ளிப் பிள்ளையை 0.2 என்றும் எடுப்பார்கள். ஐந்து பிள்ளைக்கு ஓர் ஆள். 80 பிள்ளை என்றால் 16 ஆள். இன்றைய 350 என்றால் 70. வகுப்பு 18 ஆகி, வகுப்புக்கு 35 பேர் வீதம் 630 ஆனால் 126. தொட்டியில் கழிவு படிவதற்கு நேரம் வேண்டும். நான்கு மடங்கு தண்ணீர் வந்து தள்ளினால் படியாமல் அப்படியே வெளியே ஓடும், வடிகால் அடைத்துக்கொள்ளும், மதியத்தில் நாற்றம் எழும்பும். உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டால் சில வாரம் அடங்கும், பிறகு அதே. நாற்றத்துக்குக் குளோராக்ஸ் வெளுப்பானை வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். தொட்டிக்குள் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அது கொன்று நிலைமையை மோசமாக்குகிறது. துப்புரவுப் பணியாளரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

தண்ணீரும் அப்படித்தான். கூரைமேல் இருப்பது 400 கேலன் தொட்டிகள் இரண்டு, சேர்த்து 3,600 லிட்டர் சொச்சம். பகல்நேரப் பள்ளிக்குத் தலைக்கு 50 லிட்டர் என்று எடுத்தால் 350 பேருக்கு 17,500 லிட்டர் வேண்டும். பாதி நாளில் குழாய் வறண்டுபோவது பழைய குழாயால் அல்ல, சேமிக்க இடமில்லாததால்.

சின்ன விஷயங்கள் சிலவும் உண்டு. பிளைவுட் கதவின் அடிப்பாகம் ஆறு மாதத்தில் ஊறிப் பிய்ந்துவிடும். பிவிசி கதவு போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி மாட்டுங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவிகளுக்கு ஒரு அறையிலாவது மூடியுள்ள கூடை வேண்டும். உள்தாழ்ப்பாள் வேண்டும். இதையெல்லாம் பிள்ளைகள் கூட்டத்தில் எழுந்து சொல்லமாட்டார்கள்.

இப்போது கேபின் வைக்கப்போகும் திடலுக்கு வருவோம். மூன்று பக்கமும் தாமான்காரர்கள் மண் கொட்டி நிலத்தை உயர்த்திவிட்டார்கள். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தில் மேடாக இருந்த பள்ளி இன்று கிண்ணத்தின் அடிப்பாகம். முன்பு செம்பனை மண் குடித்த மழை இப்போது தார்ச் சாலையிலும் கூரையிலும் வழுக்கிக்கொண்டு நேரே திடலுக்கு வருகிறது. வாசலில் இருக்கும் ஒன்பது அங்குலக் குழாயால் அதை விழுங்க முடியவில்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மழைநீர் மேலாண்மைக் கையேடு 2001இல் நடைமுறைக்கு வந்து 2012இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன் அடிப்படை விதி, மேம்பாட்டுக்குப் பின் வெளியேறும் உச்ச நீரோட்டம் மேம்பாட்டுக்கு முன் இருந்ததைவிடக் கூடக்கூடாது என்பது. அதற்குத்தான் தாமானில் நீர்த்தேக்கக் குட்டை வெட்டச் சொல்கிறார்கள். எங்கள் தாமானில் குட்டை வெட்டியிருக்கிறார்கள். புல்லும் பிளாஸ்டிக்கும் நிறைந்து தண்ணீர் உள்ளே போகவே வழியில்லை. இதைச் சரிசெய்யும் பொறுப்பு பள்ளியுடையதல்ல, கேட்டு வாங்கும் பொறுப்பு பள்ளியுடையது. மாவட்ட மன்றத்துக்கு வாரியத்திலிருந்து இதுவரை ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

அந்தத் திடலில் கேபின் வைத்தால் அடித்தளத்தை எவ்வளவு உயர்த்துவீர்கள்? தீ விபத்து ஒத்திகையில் பிள்ளைகள் ஒன்றுகூடும் இடமும் அதுதானே, அது எங்கே போகும்? நுழைவாயில் வளைவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: கழிவு உறிஞ்சும் லாரியும் தீயணைப்பு வண்டியும் அதன் கீழே நுழையுமா? வரைபடத்தில் அளந்து பார்த்தீர்களா?

மண்டபம் வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெயிலில் சபைகூடல் நடத்தும் பள்ளிக்குக் கூரை வேண்டும்தான். ஆனால் மண்டபத்துக்காக இடிக்கப்போகும் பழைய கட்டடத்தின் கூரை ஆஸ்பெஸ்டாஸ். சுத்தியலால் உடைத்துத் தள்ளினால் அதன் நார் காற்றில் பறக்கும், நுரையீரலில் தங்கும். விடுமுறையில், நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாகக் கழற்றி, அபாயக் கழிவாக உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். குத்தகையாளர் கொடுத்த விலைப்பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

தோட்டத்துப் பள்ளியைப் பற்றித்தான் இந்த மடலின் மனவருத்தம் முழுதும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தாலே நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. வெள்ளைக்காரத் துரைமார் கடமைக்குக் கட்டிய தகரக் கொட்டகைகளை, சந்தா பிடித்துப் பள்ளிக்கூடமாக்கியவர்கள் பால்மரம் வெட்டியவர்கள். இன்றைக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயம் காலி. வேலைக்கு இருப்பவர்கள் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். எங்கள் மக்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே 11 கிலோமீட்டர் உள்ளே, செம்பனைக் குலை லாரி ஓடும் செம்மண் பாதையில், 14 பிள்ளைகளோடு ஒரு பள்ளி. நகரத்தில் ஓர் அறைக்கு 35 பிள்ளைகளோடு இன்னொரு பள்ளி. மாணவர் 30க்குக் கீழே போனதால் அங்கே இரண்டு ஆண்டுகளை ஒரே அறையில் வைத்துக் கூட்டு வகுப்பு நடக்கிறது. ஓர் ஆசிரியர் பலகையின் இடப்பக்கம் ஒன்றாம் ஆண்டுக்கும் வலப்பக்கம் இரண்டாம் ஆண்டுக்கும் எழுதுகிறார்.

இந்த இரண்டு பிரச்சினைக்கும் தீர்வு ஒன்றே. தோட்டத்துப் பள்ளியின் உரிமத்தைத் தாமானுக்கு மாற்றுங்கள். புதிய தமிழ்ப்பள்ளிக்கு உரிமம் கேட்டு நிற்பதைவிட, இருக்கும் உரிமத்தை இடம் மாற்றுவது நடைமுறையில் சாத்தியமான வழி; நாட்டில் பல தோட்டப் பள்ளிகள் இப்படித்தான் பிழைத்தன. பெயரில் இன்னும் ‘லாடாங்’ (தோட்டம்) என்று இருக்க, நகர நடுவில் நிற்கும் பள்ளிகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் கடைசிப் பிள்ளை போய், பள்ளி முடக்கப்பட்ட பிறகு இதைத் தொடங்கினால் கையெழுத்துப் போடப் பெற்றோர் இருக்கமாட்டார்கள், பேச வாரியம் இருக்காது, நிலத்தைத் தோட்ட நிறுவனம் திரும்பக் கேட்கும். உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

எங்கே சிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தோட்டத்துப் பள்ளி நிற்பது நிறுவனத்தின் நிலத்தில். அதனால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடம் வாரியத்தின் தலையில். தாமானில் மேம்பாட்டு நிறுவனம் பள்ளிக்கென்று ஒதுக்கிய நிலம் ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் அது ‘செக்கோலா’ (மலாயில் ‘பள்ளி’) என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பள்ளி என்று எழுதவில்லை. எழுதாத நிலம் யார் முதலில் விண்ணப்பிக்கிறார்களோ அவர்களுக்குப் போகும். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது, பள்ளி மத்திய அரசின் அதிகாரத்தில். ஒரு கோப்பு இரண்டு அரசுகளுக்கு நடுவில் ஆண்டுக்கணக்கில் தூங்குவது இதனால்தான். தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின் கீழ் அந்த நிலத்தைத் தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிக்கென்று பெயர் குறிப்பிட்டு அரசிதழில் ஒதுக்கவோ, மத்திய அரசு நில ஆணையர் பெயருக்கு ஒப்படைக்கவோ வேண்டும். அப்போதுதான் முழு உதவி பெறும் பள்ளியாகும் வழி திறக்கும். இதைக் கேட்க வேண்டியவர் சட்டமன்ற உறுப்பினர். ஐயா, மண்டபத்துக்கு நீங்கள் அறிவித்த தொகையைவிட இந்த ஒரு கையெழுத்து பெரியது.

பள்ளியை மாற்றக்கூடாது என்று சொல்லும் பெரியவர்களும் தோட்டத்தில் இருக்கிறார்கள். கோயிலும் பள்ளியும் ஒரே வேலிக்குள் இருந்த இடம் அது. அவர்கள் கோபம் நியாயமானது. பழைய பெயரைப் புதிய பள்ளிக்கும் வையுங்கள், பழைய மணியை எடுத்துவந்து மாட்டுங்கள், வாரியத்தில் தோட்டத்தாருக்கு இடம் கொடுங்கள். அவர்களிடம் பேசாமல் கடிதம் மட்டும் அனுப்பினால் காரியம் கெடும்.

இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பற்றியும் ஒரு வார்த்தை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை மூன்று இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறீர்கள். 35 பேரை மூன்றாகப் பிரித்தால் மூன்றிலும் 15 சேராது, ஒன்றிலாவது குறையும். அங்கே தமிழ் வகுப்பு இல்லாமல், எஸ்.பி.எம். (இடைநிலைக் கல்வியின் இறுதித் தேர்வு) தமிழ்மொழியைப் பிள்ளைகள் வெளியே டியூஷன் வைத்துப் படிக்கிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள். இரண்டு பள்ளிகளுக்கு மட்டும் அனுப்பினாலே இது தீரும்.

கற்றலில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளியில் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு இந்த வட்டாரத்தில் இல்லை. தமிழ் மட்டுமே புரியும் பிள்ளை வேறு மொழியில் தொடங்குகிறது. அரசு தரும் மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) அலவன்ஸ் வேன் கூலிக்கே சரியாகிவிடுகிறது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

மாவட்டக் கல்வி அதிகாரி அவர்களே: அடுத்த ஆறு ஆண்டுகளுக்கான முதலாம் ஆண்டுச் சேர்க்கைக் கணக்கை எழுத்தில் வெளியிடுங்கள். அதை மாநிலக் கல்வி இலாகாவுக்கு அனுப்பி, ஆசிரியர் பணியிடங்களை அந்தக் கணக்கின்படி கேளுங்கள். கட்டடத்தின் நிலையைப் பொதுப்பணித்துறையிடம் மதிப்பிடச் சொல்லுங்கள். பழுதின் அளவைக் காட்டும் 1 முதல் 7 வரையிலான அளவுகோலில் எந்த எண் என்பது தெரியாமல் எந்த ஒதுக்கீட்டுக்கும் வாதாட முடியாது. கேபின்தான் ஒரே வழி என்றால், எத்தனை ஆண்டுக்கு, எப்போது அகற்றுவீர்கள், அதற்குள் ஐ.பி.எஸ். (தயார்நிலைப் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும்) முறையில் நிரந்தரக் கட்டடத்துக்கு விண்ணப்பம் போனதா என்பதை எழுதித் தாருங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை இரண்டு இடைநிலைப்பள்ளிகளுக்கு மேல் பிரிக்காதீர்கள். சிறப்புக் கல்வி வகுப்புக்கான பெயர்ப்பட்டியலைத் திரட்டத் தலைமையாசிரியருக்கு அனுமதி கொடுங்கள்.

மேலாளர் வாரியத்துக்கு: வளைவை நிறுத்துங்கள். மண்டபத்தை ஓராண்டு தள்ளிவையுங்கள். கையில் இருக்கும் பணத்தில் முதலில் மூன்று பேஸ் இணைப்பும் புதிய பலகையும், அடுத்து 630 பிள்ளைகளைத் தாங்கும் கழிவுநீர் ஏற்பாடும் தண்ணீர்த் தொட்டியும், மிச்சத்தில் கழிப்பறை அறைகள். மூன்று குத்தகையாளரிடம் விலைப்பட்டியல் வாங்கி, மூன்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் மண்டபத்துக்கென்றே கொடுத்தார்கள் என்று சொல்வீர்கள். அவர்களை அழைத்துத் தொட்டியைத் திறந்து காட்டிக் கேளுங்கள். உரிமத்தை இடம் மாற்றுவதற்கான தீர்மானத்தை, இரண்டு பள்ளி வாரியங்களும் சேர்ந்து, இந்த ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றுங்கள்.

சட்டமன்ற உறுப்பினர் அவர்களே: தாமான் நிலத்தின் வரைபட எண்ணோடு, அது தமிழ்ப்பள்ளிக்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்ற கேள்வியை மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்புங்கள். நீர்த்தேக்கக் குட்டையை யார், எந்தத் தேதிக்குள் தூர்வாரப்போகிறார்கள் என்ற பதிலை மாவட்ட மன்றத்திடமிருந்து எழுத்தில் வாங்கித் தாருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு: ஓய்வு நேரத்தை இரண்டாகப் பிரிப்பதை வரும் திங்கட்கிழமை தொடங்கத் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். கூட்டக் குறிப்பிலிருந்து ‘ஏகமனதாக’ என்ற சொல்லை நீக்குங்கள். அடுத்த கூட்டத்தைக் காலை பத்தரை மணிக்கு, வேலைநாளில், பள்ளியிலேயே வையுங்கள். அங்கே ஏர்கானை அணைத்துவிட்டு, மின்பலகைக் கதவையும் தொட்டி மூடியையும் திறந்துவைத்துப் பேசுவோம். வயர்மேனை நாங்கள் அழைத்துவருகிறோம்.